மேன்முறையீட்டுக்கு விட்ட பத்து நாட்கள்

மகன்,

இணையச் சந்தையில் முறைப்பாடு தீர்க்கும் வேலைக்குக் கடிதம் வந்த அன்று பகல் சோற்றுக்கு இருந்தபடி நீ சொன்னது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. "உம்மா, வேலை லேசு. வாங்கினவன் ஒண்டு செல்லுவான், வித்தவன் ஒண்டு செல்லுவான். ஆர்ட கையில தாள் இரிக்கோ அவன்ட பக்கம் ஒரு தட்டு. ஒரு நாளைக்கு அறுபது முடிக்கோணுமாம்." நீ சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே உனக்கு இன்னொரு கரண்டி ஆணம் ஊற்றினேன். பிறகு அடுப்படிக்குப் போய் அந்த அறுபது என்ற எண்ணை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்படிப்பட்ட அறுபதில் ஒன்றாக நானும் ஒருகாலத்தில் யாரோ ஒருவருடைய மேசைக்குப் போயிருக்கிறேன். விற்றவள் நான். என் கையில் தாள் இருந்தது. என் பக்கம்தான் தட்டினார்கள். வென்றதைக் காப்பாற்றிக்கொள்வதற்காக நான் பத்து நாட்கள் வாய் திறக்காமல் இருந்தேன். அந்தப் பத்து நாட்களும் ஒரு குடும்பம் தங்கள் ஆளைக் கொழும்பில் பிழையான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. சரியான இடம் எனக்குத் தெரியும்.

இதை உனக்கு மட்டும் எழுதி உன் பயணப் பைக்குள் வைத்திருக்கலாம். முன்பின் அறியாதவருக்குத் தொலைபேசி எண்ணைக்கூடக் கொடுக்காதவள் நான் என்பது உனக்குத் தெரியும். இருந்தும் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இப்போது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை தொலைபேசியில் எதையாவது விற்கிறது. விற்பவருக்கு என்ன பாதுகாப்பு என்று அவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள், நானும் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பாடத்தில் நான் எப்போதும் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நீ "அன்ரி" என்று அழைக்கும் அவளுக்கு இங்கே கௌரி என்று பெயர்.

சுனாமியாகக் கடல் வந்தபோது உனக்கு நடக்கத் தெரியாது. உன் வாப்பாவைக் கடல் கொண்டுபோனதை உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் அடையாள அட்டை, நிக்காஹ் பதிவு, காணி உறுதித் தாள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. அதன் பின் நான் யார் என்று நிரூபிக்காமல் ஒரு பாய்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இன்னாருடைய மனைவி என்பதற்குக் கடிதம், இன்ன இடத்தில் இருந்தேன் என்பதற்குக் கடிதம், அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்தவர் உண்மையானவர் என்பதற்கு இன்னொரு கடிதம். இருபது வயதுக்குள் நான் தாள்களைப் பழத்தோல் மாதிரி எறியாதவளாக மாறிவிட்டேன். பஸ் டிக்கட்டைக்கூட மடித்து வைத்திருப்பேன். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை தாள் வாங்காமல் விட்டேன். அதிலிருந்துதான் எல்லாம்.

வீட்டுத் திட்டத்தில் நமக்கு வீடு கிடைத்த பிறகு, கடலுக்குப் பிந்திய உதவி வேலையாக வந்த ஒரு நிறுவனம் எங்கள் சில பெண்களுக்குக் கணினி பழக்கியது. மற்றவர்கள் இடையில் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. நூலகத்துப் புத்தகங்களை அட்டையிலிருந்து அட்டை வரை படித்து முடித்திருந்த எனக்கு அது முடிவில்லாத ஒரு நூலகமாகத் தெரிந்தது. இங்குள்ள தறிகளில் நெய்த சாரிகளைப் படம் பிடித்து ஒரு இணையச் சந்தையில் போட்டேன். இலங்கையில் இருந்துகொண்டு இணையம் வழியாகப் பணம் பெற அந்தக் காலத்தில் வழி இல்லை. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, உன் மாமா றிஸ்வானின் பெயரில்தான் கணக்கு. கல்முனையில் ஹனீபா காக்காவின் கொமியூனிகேசன் கடையில், தொலைபேசிப் பெட்டிகளுக்குப் பின்னால், பச்சைத் திரை போட்ட மூலையில் ஒரு கணினி இருந்தது. அதுதான் என் கடை.

யுத்தத்தின் கடைசி வருடம். ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண் எட்டுச் சாரிகளுக்குப் பணம் கட்டினார். மகளின் கல்யாணத்துக்கு, தோழிப் பெண்களுக்கெல்லாம் ஒரே கரை. பிறந்த ஊர் பாண்டிருப்பு என்று எழுதியிருந்தார். நமக்கு அடுத்த ஊர்! கரையின் நிறத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டார். விரல் நீளத்தில் ஆறு துண்டுகள் வெட்டி அவருடைய ரொறன்ரோ முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். துண்டுகள் போய்ச் சேர்ந்தன, அவர் நிறத்தைத் தெரிவு செய்தார், எட்டுச் சாரிகளும் நெய்து முடிந்தன. அப்போது அவர் ஹனீபா காக்காவின் கடைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, தபாலில போடாதீங்க. சோதனைச் சாவடியில பார்சலக் கத்தியால கீறிப் பாக்கிறாங்களாம். என்ட தம்பி சுதன் கல்யாணத்துக்கு இஞ்ச வாறான். விசாவும் கிடைச்சிட்டு, கொழும்பிலதான் நிக்கிறான். அவன்ட கையில குடுத்து விடுங்க."

உலகம் முழுக்க நம் ஆட்கள் இப்படித்தானே பொருள் அனுப்புகிறார்கள். கட்டார் போகிறவரின் பையில் ஒரு வீட்டின் மாசிச் சம்பல், உம்றா போய் வருகிறவரின் பையில் நாலு வீட்டின் பேரீச்சம்பழம். அதை மறுப்பது ஆளை மறுப்பது. நான் "ஓம்" என்றேன். அந்தச் சந்தையின் விதிகளை அதுவரை நான் படிக்கவில்லை. எதையும் படிக்கும் நான், எனக்குத் தேவையான ஒன்றை மட்டும் படிக்காமல் விட்டிருந்தேன்.

சம்மாந்துறை ஆலையிலிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றும் லொறியை என் தாய்மாமா ஓட்டினார். நூல் வாங்கவும் வேண்டியிருந்ததால் அதன் முன் இருக்கையில் நானும் போனேன். முதல் நாள்தான் சுதன் ஏதோ ஒரு பூத்திலிருந்து கடைக்கு எடுத்து, புதன்கிழமை பகல் புறக்கோட்டையில் இன்ன நூல் கடைக்கு முன்னால் நிற்பதாகச் சொல்லியிருந்தார். மாமா அரிசி இறக்கிக்கொண்டிருந்தார். நான் தனியாக நடந்து போனேன். முப்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், சாம்பல் நிறச் சட்டை, கை மடித்து விட்டிருந்தார். மூட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இதென்ன தங்கச்சி, அக்கா கனடாவில கடை போடப்போறாவோ?"

"எட்டுச் சாரிதான்."

"எட்டும் பொம்புளையளுக்கு. மாமன்காரனுக்கு ஒரு சாரமும் இல்ல. பாத்தீங்களா நியாயத்த?"

அடுத்த முறை உடுக்கச் சாரமும் தருகிறேன் என்றேன். பிறகு அவர் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "நான் வெள்ளவத்தை லொட்ஜ விட்டிட்டன். தமிழாக்கள வச்சிருந்தாப் பொலிஸில பதியோணும், அதுக்குப் பயந்து லொட்ஜ்காரர் போகச் சொல்லிற்றார். இப்ப கொட்டாஞ்சேனையில, கோயிலுக்குப் பின் ஒழுங்கையில ஒரு வீட்டு மாடி. போனையும் நிப்பாட்டிப் போட்டன். கௌரிக்குச் சொல்லல்ல. சொன்னா அவள் அண்டைக்கே பஸ் ஏறி வந்திருவாள். வெள்ளிக்கிழமை பிளேன். போய்ச் சேந்து எடுக்கிறன். நீங்களும் ஆருக்கிட்டயும் கதைச்சிராதீங்க."

கௌரி அவருடைய மனைவி, பாண்டிருப்பில் இருந்தாள். என் கைப்பைக்குள் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்தது. ஒரு கையெழுத்து வாங்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். சொந்த அக்காவின் சாரியைத் தம்பி கொண்டுபோகிறார், அதற்குப் போய்க் கையெழுத்துக் கேட்பது முகத்தில் அடிப்பது போல இருந்தது. கேட்கவில்லை. அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து றிஸ்வான் கடைக்கு எடுத்தான். "ராத்தா, எட்டுச் சாரியும் வந்து சேரல்லையாம். அந்தப் பொம்புளைட புருசன் பேங்குக்கிட்டச் செல்லிக் காசத் திருப்பி எடுக்கப் பாக்கிறார். அனுப்பினதுக்கு ஆதாரம் கேட்டு ஏழு நாள் தந்திரிக்காங்க. இதுல தோத்தா என்ட எக்கவுண்ட மூடிருவாங்க. வாடகைக் காசும் அதுக்குள்ளதான் கிடக்கு."

அன்றைக்குத்தான் நான் அந்த விதிகளைப் படித்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, வரி வரியாக, ஒரு பின்னேரம் முழுக்க. வாங்கியவர் பணத்தைத் திருப்பி எடுக்க முயன்றால் விற்றவரை அந்தச் சந்தை காப்பாற்றும், ஆனால் பணம் கட்டும்போது கொடுத்த முகவரிக்கே பொருளை அனுப்பியிருக்க வேண்டும். போகும் வழியைப் பின்தொடரக்கூடிய இலக்கம் இருக்க வேண்டும். விலை கூடிய பொருளென்றால் பெற்றவரின் கையெழுத்து வேண்டும். கேட்ட நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். வாங்குபவரோடு பேசியதெல்லாம் சந்தையின் பக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டதும் கையில் கொடுத்ததும் கணக்கில் இல்லை. வேறொரு முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது ஏமாற்றுக்காரர்களின் வழக்கமான வழி, கேட்டால் மறுத்துவிடுங்கள் என்று ஒரு வரி தனியாகவே இருந்தது.  இவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள்! தம்பி சாரிகளோடு போய் இறங்கிவிட்டான், அக்காவின் கணவர் இப்போது காசையும் எடுக்கிறார். ஒரு சோனகப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்கிறார்கள். அப்படித்தான் நினைத்தேன், மகன். நம் முஸ்லிம் ஊருக்கும் அவர்களுடைய தமிழ் ஊருக்கும் நடுவே ஒரு பாதைதான் இருந்தது, ஆனால் அந்தக் காலத்தில் அவர்களைப் பற்றி அப்படி நினைப்பதற்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

என்னிடம் ஒரு இலக்கம் இருந்தது. ஆறு துணித் துண்டுகளை அனுப்பிய பதிவுத் தபாலின் இலக்கம். அதே முகவரி, பணம் கட்டிய பிறகு அனுப்பியது, போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்தும் இருந்தது. அதைப் படம் பிடித்து அனுப்பினேன். "பொருள் அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி எழுதினேன். அது பொய்யா என்று நீ கேட்டால், உறைக்குள் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஆறாம் நாள் தீர்ப்பு வந்தது. விற்றவர் பாதுகாக்கப்படுகிறார். வாங்கியவர் விரும்பினால் பத்து நாட்களுக்குள் புதிய ஆதாரத்தோடு மேன்முறையீடு செய்யலாம். அதே பக்கத்தில், தீர்ப்புக்குக் கீழே, அதற்கு முதல் நாளே அந்தப் பெண் எழுதியிருந்த செய்தி இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். சுதன் கனடா வந்து சேரவில்லை. கடைசியாக ஞாயிற்றுக்கிழமை லொட்ஜிலிருந்து கதைத்தான், அதன் பிறகு தகவல் இல்லை. ஞாயிறே அவனுக்கு ஏதோ நடந்துவிட்டது, சாரிகள் அவன் கைக்கு வரவேயில்லை என்றுதான் நினைத்தோம். தபாலில் எனக்கு வந்தது துண்டுகள் மட்டும். தங்கச்சி, ஒருவேளை நீங்கள் சாரிகளை அவனிடம் கொடுத்தீர்களா? எப்போது? எங்கே? காசு போனால் போகட்டும், இதை மட்டும் சொல்லுங்கள்.

நான் அதை மூன்று தரம் படித்தேன். ஞாயிற்றுக்குப் பிறகு வந்த புதனில் நான் அவரைக் கண்டிருந்தேன். வெள்ளவத்தை இல்லை, கொட்டாஞ்சேனை. கோயிலுக்குப் பின் ஒழுங்கை, வீட்டு மாடி. இந்த உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஓம், கொடுத்தேன் என்று அந்தப் பக்கத்தில் நான் எழுதினால் அதுவே புதிய ஆதாரம். அனுப்பியதாகச் சொன்னவள் கையில் கொடுத்திருக்கிறாள். தீர்ப்புத் திரும்பிவிடும், கணக்கும் போகும், றிஸ்வானும் தெருவுக்கு வருவான். நெய்தவர்களுக்கு நான் ஏற்கெனவே கூலி கொடுத்து முடித்திருந்தேன். நான் கணினியை மூடினேன். நாட்காட்டியில் பத்து எண்ணினேன்.

எழுத்தில் வேண்டாம், வாயால் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். பாண்டிருப்பு நடக்கும் தூரம். காணாமற்போன ஒரு தமிழரைக் கடைசியாகக் கண்டவள் நான் என்று என் பெயர் ஒரு பொலிஸ் புத்தகத்தில் ஏறுவது அந்த நாட்களில் சின்ன விசயமில்லை, ஐந்து வயதுப் பிள்ளையோடு தனியாக இருந்தவள் பயந்தேன் என்று உனக்குச் சொல்லலாம். பல வருடம் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் பயத்துக்கு நாட்காட்டி தேவையில்லை. சொன்னால் ரொறன்ரோ அக்காவின் கணவர் காதுக்குப் போகும், போனால் மேன்முறையீடு வரும், அதனால் பதினோராம் நாள் சொல்வோம் என்று நான் தெளிவாகத் திட்டம் போட்டேன். அதுதான் நடந்தது.

ரொறன்ரோவிலிருந்து கடைக்கு அழைப்பு வரத் தொடங்கியது. திரைக்குள் இருந்தபடி நான் கையை ஆட்டுவேன். ஹனீபா காக்கா ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பார். "புள்ள இன்னம் வரல்ல, தங்கச்சி. ஓம், வந்தாச் செல்லுறன்." வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"இஞ்ச பாருங்க புள்ள. நான் ஹஜ்ஜுக்குப் போக நிய்யத் வச்ச மனிசன். உங்களால ஒரு நாளைக்கு மூணு பொய். மக்கா வரைக்கும் பொய் செல்லியே போய்ச் சேந்திருவன் போல இரிக்கி."

"கொஞ்ச நாளைக்குத்தான் காக்கா."

"என்னத்துக்குக் கொஞ்ச நாள்? கடன்காரியா அது?"

"இல்ல."

"கடன்காரியெண்டா ஏசுவா. இவ அழுறா புள்ள. கடன்காரி அழமாட்டா."

  வீட்டுக்கு வந்தால் நீ முற்றத்தில் விளையாடிக்கொண்டிருப்பாய், உனக்கு எண்கள் சொல்லிக் கொடுக்கும் வயது. நீ ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் பத்து வருவதற்கு முன் நான் எழுந்து போய்விடுவேன். எட்டாம் நாள் றிஸ்வான் எடுத்து, "இன்னம் ரெண்டு நாள் ராத்தா, மூச்சு விடாதீங்க" என்றான். அவனுக்குச் சுதனைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. அவனை இதில் சேர்க்காதே. இந்த மூச்சை அடக்கியவள் நான் மட்டும்தான்.

பதினோராம் நாள் காலை பக்கத்தைத் திறந்தேன். முறைப்பாடு மூடப்பட்டது என்று இருந்தது. பத்து மணிக்குப் பாண்டிருப்பில் கௌரியின் வாசலில் நின்றேன். என் வயதுதான் அவளுக்கும். தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருந்தாள், தைக்கவில்லை. நான் சொன்னேன். புதன், பகல், புறக்கோட்டை, சாம்பல் சட்டை, கொட்டாஞ்சேனை, கோயிலுக்குப் பின் ஒழுங்கை. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்தாள், பிடிக்க எதுவும் இல்லாததால் என் தோளைப் பிடித்தாள்.

"எப்ப அறிஞ்சீங்க அவரக் காணல்ல எண்டு?"

"நேத்துத்தான்," என்றேன்.

அவள் அன்றைக்கே அண்ணனோடு கொழும்புக்குப் போனாள். அந்த வீட்டுக்காரர் சொன்னதை வந்து எனக்குச் சொன்னாள். சுதன் வியாழக்கிழமை காலை வெளியே போனவர் திரும்பவில்லை. பையும் சாரி மூட்டையும் அறையில்தான் கிடந்தன. யாராவது தேடி வருவார்கள் என்று வைத்திருந்து, ஒருவரும் வராததால் பயந்து போய் முந்திய கிழமைதான் பொலிஸில் கொடுத்திருக்கிறார். பக்கத்து அறையில் இருந்த பையன் ஒருவன், தெரு முனையில் சுதனை ஒரு வாகனத்தில் ஏற்றியதைக் கண்டதாகச் சொன்னானாம். எந்த மாதிரி வாகனம், யார் என்றெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அவன் மூன்று நாளைக்கு முன்னர் வெளிநாடு போய்விட்டான். எந்த நாடு என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. மூன்று நாள், மகன். நான் பத்து எண்ணியிருந்தேன்.

நான் சாட்சிக் கடிதம் எழுதினேன், என் அடையாள அட்டை இலக்கத்தோடு. கடைசியாகக் கண்டவர் என்ற இடத்தில் இன்றுவரை எல்லா முறைப்பாட்டிலும் என் பெயர்தான் இருக்கிறது. எங்கெங்கோ விசாரணைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் அவளோடு நானும் போயிருக்கிறேன், உன்னையும் தூக்கிக்கொண்டு. யுத்தம் முடிந்தது என்று பட்டாசு கொளுத்திய அன்று அவள் வீட்டில்தான் இருந்தேன். சாரிகளின் காசை அந்த ரொறன்ரோ அக்காவுக்குத் திருப்பி அனுப்ப முயன்றேன், அவர் வாங்கவில்லை. உனக்குத் தெரிந்த மீதி எல்லாம் அதற்குப் பிறகு வந்தது: பெருநாளைக்கு வட்டிலப்பம் இங்கிருந்து போவது, பொங்கலுக்குப் பொங்கல் அங்கிருந்து வருவது, உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அவள் தைத்துத் தருவது. ஒரு பொய்யின் மேல் ஒரு முழு உறவு நின்றது. சுவர் உறுதியாக இருந்ததால் அடித்தளத்தை நான் பார்க்கவில்லை.

நீ உட்காரப்போகும் நாற்காலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த விதிகள் நல்ல விதிகள்தான். இங்கே எத்தனையோ பிள்ளைகளை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து அவை காப்பாற்றியிருக்கின்றன. இலக்கத்தைப் பார், முகவரியைப் பார், கையெழுத்தைப் பார். ஆனால் நான் அந்த விதிப்படி நடந்து தபாலில் போட்டிருந்தால், ஞாயிற்றுக்குப் பிறகு சுதனைக் கண்ட ஆள் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். விதியை மீறியதால் எனக்கு ஒரு உண்மை கிடைத்தது. விதியின் பாதுகாப்பைக் கேட்டபோது அந்த உண்மையை மறைக்க வேண்டியிருந்தது. இதற்கு உன் கணினியில் ஒரு கட்டம் இருக்காது. அறுபதில் ஒன்றிலாவது, முறைப்பாட்டுக்குக் கீழே யாராவது காசைப் பற்றி அல்லாமல் வேறெதையோ கேட்டு எழுதியிருந்தால், தட்டுவதற்கு முன் அதைப் படி. எனக்குத் தீர்ப்புத் தந்தவர் அந்தச் செய்தியைத் தமிழ் தெரிந்த யாரையாவது கொண்டு படித்திருந்தால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பார். அன்று யாராவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

இந்த இடத்தில் நேற்று எழுதுவதை நிறுத்தினேன். உனக்குத் தருவதற்கு முன் இதைப் படிக்க வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். அஸர் தொழுதுவிட்டுப் பாண்டிருப்புக்குப் போனேன். கௌரி துணி வெட்டும் மேசையில் நின்றபடியே படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், விட்ட இடத்திலிருந்து படித்தாள். முடித்துவிட்டுத் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள்.

"பத்து நாள் எண்டு எழுதியிருக்கீங்க."

"ஓம்."

"ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நான் கல்முனைக்கு வந்தனான். ரொறன்ரோ மச்சாள்தான் கடை நம்பரத் தந்து, நேர போய்க் கேளு எண்டவ. ஹனீபா காக்கா நீங்க இல்ல எண்டார். பச்சைத் திரைக்குக் கீழால ரெண்டு கால் தெரிஞ்சது. சிவப்பு வார்ச் செருப்பு." அவள் குரல் உயரவில்லை. "அதே செருப்போட என்ட வாசலுக்கு வந்து, நேத்துத்தான் எண்டீங்க."

 "அண்டைக்கே கேட்டிருக்கலாமே கௌரி."

"கேட்டா நீங்க ஓடியிருப்பீங்க. அவரக் கடைசியாக் கண்டது உங்கட கண் மட்டுந்தான். எனக்குச் சாட்சி வேணும். கையெழுத்து வைக்க ஆள் வேணும். அதுக்காக வாயப் பொத்திக்கிட்டு இருந்தன்." கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடினாள். "பிறகு பழகிற்று. உங்களப் பிடிச்சும் போயிற்று. அதான் கஸ்டம். ஒவ்வொரு பெருநாளைக்கும் இண்டைக்குச் சொல்லுவா, இண்டைக்குச் சொல்லுவா எண்டு பாப்பன். வட்டிலப்பந்தான் வரும்."

நான் அழத் தொடங்கினேன். அவள் அழவில்லை.

"இத வெளிய போடுங்க, பேர மாத்தினபடியே போடுங்க. சொன்னது நல்லம். ஆனா இனிக் கொஞ்ச நாளைக்கு இஞ்சால வராதீங்க." வாசல் வரைக்கும் வந்தாள். "புள்ளய மட்டும் அனுப்புங்க. வேலைக்குப் போட ரெண்டு சட்ட வெட்டி வச்சிருக்கன். கை நீளம் பாக்கோணும்."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. நீ வெள்ளிக்கிழமை பஸ் ஏறுமுன் அவளிடம் போய்ச் சொல்லிக்கொண்டு போ. அவள் கை நீளம் பார்க்கும்போது அசையாமல் நில். என்னைப் பற்றி அவள் ஏதாவது கேட்டால் உள்ளதைச் சொல். ஒன்றும் கேட்காவிட்டால் நீயாக எதையும் எடுத்துக் கதைக்காதே. நான் வரமாட்டேன், மகன். நீ தனியாகப் போ.

உம்மா